கரகரப்பிரியா

(கோவில்பட்டியில் ஒரு மாடி அறை. பங்குனி மாதம், பகல் பதினொரு மணி. ஜன்னல்களைப் போர்வையால் அடைத்து, மூலைக்கு ஒரு தலையணை சாத்தி, அறையை ஸ்டூடியோ ஆக்கியிருக்கிறார் மாமா. பஸ் கண்டக்டராக இருந்து ஓய்வு பெற்றவர். கழுகுமலை முருகன் மேல் சொந்தமாகப் பாட்டு எழுதி, பங்குனி உத்திரத்துக்குள் வெளியிட்டே தீருவது என்று நிற்கிறார். கல்யாணக் கச்சேரிகளில் கீபோர்டு வாசிக்கும் அக்கா மகன் அவசரமாக வரவழைக்கப்பட்டிருக்கிறான். மைக் நடுவீட்டில் நிற்கிறது. லேப்டாப்பைத்தான் காணவில்லை.)

மாப்பிள்ளை: என்ன மாமா, பாட்டு எந்த அளவில் இருக்கிறது?

மாமா: ராகம் கரகரப்பிரியா.

மாப்பிள்ளை: நல்ல ராகம்தானே.

மாமா: ராகம் நல்ல ராகம்தான். பிரியா போய்விட்டது, கரகர மட்டும் கேட்கிறது. கேட்டால் நீயே சொல்வாய்.

மாப்பிள்ளை: சரி, லேப்டாப் எங்கே?

மாமா: அந்த ஜமுக்காளத்துக்கு அடியில் பார்.

மாப்பிள்ளை: திருட்டு நகையா மாமா, இப்படிப் புதைத்து வைத்திருக்கிறீர்கள்?

மாமா: அதன் ஃபேன் சத்தம் மைக்கில் விழுகிறதடா. அதனால் மெத்தை மேல் வைத்து, ஜமுக்காளம் போட்டு, மேலே ஒரு தலையணையும் வைத்தேன். இப்போது மூச்சுச் சத்தம்கூடக் கிடையாது.

மாப்பிள்ளை: (தொட்டுப் பார்த்துக் கையை உதறுகிறான்) அத்தையிடம் தோசை மாவு வாங்கி வரட்டுமா? அடியில் காற்று போகும் வழியை மெத்தை அடைத்துவிட்டது, மேலே ஜமுக்காளம். சூடு அளவு தாண்டினால் பிராசஸர் தன் வேகத்தைத் தானே குறைத்துக்கொள்ளும். வெந்து போகாமல் இருக்க அதுவாகச் செய்கிற காரியம்.

மாமா: பாவம். அக்னி நட்சத்திரத்தில் நானும் அப்படித்தான்.

மாப்பிள்ளை: சார்ஜரையும் பிடுங்கி வைத்திருக்கிறீர்கள்.

மாமா: மாட்டினால் 'ம்ம்ம்' என்று ஓர் இரைச்சல் வருகிறது. முருகன் பாட்டில் வண்டு எதற்கு?

மாப்பிள்ளை: அது எர்த் கோளாறு. பேட்டரியில் ஓடினால் லேப்டாப் கஞ்சத்தனம் பிடித்து வேகத்தைக் குறைக்கும். ஒரே போர்டில், எர்த் உள்ள மூன்று பின் பிளக்கில் மாட்டிப் பார்ப்போம். (மாட்டுகிறான். லேப்டாப்பை மர ஸ்டூலுக்கு மாற்றி, மைக்கிலிருந்து அறையின் மறுகோடிக்குத் தள்ளுகிறான்.) வண்டு போய்விட்டது. இனி பாட்டைப் போடுங்கள்.

(மாமா வலது ஆட்காட்டி விரலை நாக்கில் தொட்டு, டச்பேடில் தேய்க்கிறார். முப்பது வருடம் டிக்கெட் கட்டைப் புரட்டிய விரல். டச்பேடும் பழகிப்போயிருக்கிறது. பாட்டு ஓடுகிறது. முருகனை அழைக்கும் இடத்தில் 'மு... ட்ரக்... ரு... பட்... கா' என்று வருகிறது.)

மாமா: கேட்டாயா? ஆறுமுகனை எத்தனை துண்டாக்கிவிட்டது பார். எனக்கு ஒரே வழிதான் தெரிகிறது. புது லேப்டாப். அத்தையிடம் பேச்சு கொடுத்து வைத்திருக்கிறேன். நீ வந்து 'இது தேறாது' என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும்.

மாப்பிள்ளை: அதற்குத்தான் கூப்பிட்டீர்களா?

மாமா: வேறு எதற்கு?

மாப்பிள்ளை: முதலில் செட்டிங்கைப் பார்ப்போம். சாம்பிள் ரேட் 1,92,000. பஃபர் 64. யார் வைத்தது?

மாமா: வீடியோவில் ஒரு பையன் சொன்னான், பஃபர் சின்னதாக இருந்தால் நல்லது என்று. இன்னொரு பையன், ரேட் பெரிதாக இருந்தால் நல்லது என்றான். இரண்டு நல்லதையும் வைத்தேன்.

மாப்பிள்ளை: மாமா, உங்கள் பாஷையில் சொல்கிறேன். குரல் என்பது பயணிகள் கூட்டம். பஃபர் என்பது பஸ். 64 பேர் ஏறினதும் பஸ் கிளம்பும். பஸ் அடுத்த ஸ்டேஜுக்குப் போவதற்குள் கண்டக்டர் அத்தனை பேருக்கும் டிக்கெட் போட்டு முடிக்க வேண்டும். கண்டக்டர்தான் பிராசஸர்.

மாமா: (நிமிர்ந்து உட்கார்கிறார்) முடிக்காவிட்டால்?

மாப்பிள்ளை: அந்த 'ட்ரக்'.

மாமா: அடடா! ஸ்டேஜ் தாண்டியும் இன்வாய்ஸில் டிக்கெட் கணக்கை முடிக்காமல் மாட்டிக்கொள்வது மாதிரி! இதை அந்தப் பையன் சொல்லவே இல்லையே.

மாப்பிள்ளை: இப்போது கணக்குப் போடுங்கள். நொடிக்கு 1,92,000 பயணிகள். பஸ்ஸுக்கு 64 பேர். நொடிக்கு எத்தனை ட்ரிப்?

மாமா: (உதட்டை அசைத்து, ஒரு நொடியில்) மூவாயிரம். டேய், ஆயுத பூஜை லீவுக்குக்கூட அப்படி ஸ்பெஷல் விட்டதில்லையடா! அந்தக் கண்டக்டர் மனுஷனா என்ன?

மாப்பிள்ளை: அதனால் 44,100-க்கு வருவோம். சி.டி.யில் பாட்டு வருவதும் அந்த ரேட்டில்தான். பஃபர் 256. நொடிக்கு ஏறக்குறைய 172 ட்ரிப். கண்டக்டர் வெற்றிலை போடக்கூட நேரம் கிடைக்கும்.

மாமா: அப்படியென்றால் 1,024 வைத்துவிடேன். ஒரே பெரிய பஸ்.

மாப்பிள்ளை: பெரிய பஸ் நிரம்பக் காத்திருக்க வேண்டும். 1,024 என்றால் 23 மில்லி செகண்ட். உள்ளே போக ஒரு தடவை, வெளியே வர ஒரு தடவை. நீங்கள் பாடுவது உங்கள் ஹெட்போனுக்குத் தாமதமாக வரும்.

மாமா: ஆமாம் ஆமாம்! முதலில் அப்படித்தான் இருந்தது. எனக்குப் பின்னால் எவனோ என் குரலிலேயே பாடினான். அவனைத் துரத்தத்தான் 64-க்கு வந்தேன்.

மாப்பிள்ளை: 256-ல் ஆறு மில்லி செகண்டுக்குக் கொஞ்சம் குறைவு. இரண்டு மீட்டர் தள்ளி இருக்கிற ஸ்பீக்கரிலிருந்து சத்தம் காதுக்கு வர ஆகிற நேரம். போக வரச் சேர்த்தாலும் நாலைந்து சீட் தள்ளி டேப் ரெக்கார்டர் பாடுகிற மாதிரிதான். அதுவும் உறுத்தினால், மைக்கை மாட்டியிருக்கிற இந்தச் சவுண்ட் பெட்டியில், அதாவது இன்டர்ஃபேஸில், இதோ இந்தக் குமிழ். டைரக்ட் மானிட்டர். உங்கள் குரல் கம்ப்யூட்டருக்குள் போகாமல் நேராகக் காதுக்கு வந்துவிடும்.

மாமா: இந்தக் குமிழ் சும்மா அழகுக்கு என்றல்லவா நினைத்தேன்.

மாப்பிள்ளை: அப்புறம் டிரைவர். பஸ் டிரைவர் இல்லை, கம்ப்யூட்டரையும் சவுண்ட் பெட்டியையும் இணைக்கிற மென்பொருள். விண்டோஸின் சாதாரண டிரைவரில் ஓட்டுகிறீர்கள். அது எல்லா ஸ்டாப்பிலும் நின்று போகும். ஆசியோ என்று ஒன்று இருக்கிறது. 1997-ல் ஸ்டைன்பெர்க் கம்பெனி கொண்டு வந்தது. அது பாயின்ட் டு பாயின்ட். மென்பொருளில் ஏறினால் சவுண்ட் பெட்டியில்தான் இறங்கும்.

மாமா: 97-ல் எனக்கு டவுன் பஸ் போட்டிருந்தார்கள். கை காட்டினவனுக்கெல்லாம் நிற்க வேண்டும். (பெருமூச்சு) மாற்று, மாற்று.

(மாற்றுகிறான். பாட்டு ஓடுகிறது. முருகன் ஓரளவு ஒன்றுசேர்ந்துவிட்டார். ஆனாலும் சரணத்தில் கூட்டு வாத்தியம் சேர்ந்ததும் மறுபடி 'பட்'.)

மாமா: (மகிழ்ச்சியை மறைத்துக்கொண்டு) தேறாது. நான்தான் சொன்னேனே. எண்பதாயிரத்தில் ஒன்று பார்த்து வைத்திருக்கிறேன்.

மாப்பிள்ளை: பொறுங்கள். டாஸ்க் மேனேஜரில் மொத்த வேலையே முப்பது சதவீதம்தான் காட்டுகிறது.

மாமா: முப்பதுதானா? மீதி எழுபது என்ன செய்கிறது?

மாப்பிள்ளை: டிப்போவில் உட்கார்ந்திருக்கிறது. உள்ளே நாலு கோர் இருக்கிறது, நாலு கண்டக்டர். ஆனால் உங்கள் குரல் டிராக்கில் மட்டும் பதினோரு பிளக்இன், ஒலியை மாற்றுகிற குட்டி மென்பொருள், வரிசையாகப் போட்டிருக்கிறீர்கள். ஒன்று முடித்துக் கொடுத்தால்தான் அடுத்தது தொடங்க முடியும். அந்த வரிசை முழுவதும் ஒரே ஆள் தலையில்.

மாமா: நியாயம். டிப்போவில் நாலு பேர் டீ குடிப்பான், திருவேங்கடம் பஸ்ஸில் தொங்குகிற கூட்டத்துக்கு நான் ஒருத்தன்தான் டிக்கெட் போடுவேன். மேலே இருப்பவர்கள் சராசரியைக் காட்டி 'ஆள் போதும்' என்பார்கள்.

மாப்பிள்ளை: இந்தப் பதினொன்றும் என்ன மாமா?

மாமா: குரல் இனிக்க ஒன்று, குரல் இளைக்க ஒன்று, வயது குறைய ஒன்று...

மாப்பிள்ளை: இந்த எட்டையும் அணைத்துப் பார்த்தேன். வித்தியாசமே தெரியவில்லை. (எடுக்கிறான்.) அடுத்து, பதினேழு டிராக். பதினேழிலும் தனித்தனி ரிவெர்ப். எல்லாம் ஒரே கோயில் மண்டப எதிரொலி. இதைப் பஸ்ஸில் போட வேண்டும் மாமா.

மாமா: உதாரணம் போதும், விஷயத்தைச் சொல்.

மாப்பிள்ளை: இது உதாரணம் இல்லை. நிஜப் பெயரே பஸ்தான். மிக்ஸிங்கில் 'ரிவெர்ப் பஸ்' என்பார்கள். ஒரே ஒரு ரிவெர்ப் வைத்து, பதினேழு டிராக்கிலிருந்தும் வேண்டிய அளவு அதற்கு அனுப்புவது.

மாமா: (எழுந்தே விடுகிறார்) சங்கீதத்தில் பஸ் இருக்கிறதா? இத்தனை நாள் யாரும் சொல்லவில்லையே! பதினேழு பேருக்கும் தனித்தனிக் கார் வைத்துக் கொடுத்திருக்கிறேனே, நான் ஒரு கண்டக்டர்!

மாப்பிள்ளை: இந்த நாதஸ்வர சாம்பிளும் கனம். வாசித்து முடித்தாயிற்று, இனி மாற்றப் போவதில்லை என்றால் ஃப்ரீஸ் செய்துவிடலாம். ஒரு தடவை ஆடியோவாக எழுதி வைத்துக்கொள்ளும். ஒவ்வொரு முறையும் புதிதாகக் கணக்குப் போடாது. வேண்டுமென்றால் திரும்பப் பிரித்துக்கொள்ளலாம்.

மாமா: ஸ்கூல் பிள்ளைகளின் பாஸ். ஒரு தடவை போட்டால் வருடம் முழுக்க டிக்கெட் கேட்க வேண்டாம்.

மாப்பிள்ளை: அதேதான்.

(பாட்டு ஓடுகிறது. முப்பது நொடி தேன். பிறகு ஒரு 'டக்'. பத்து நொடி கழித்து இன்னொன்று. கூட்டு வாத்தியமே இல்லாத இடத்தில்.)

மாமா: இங்கே கூட்டமே இல்லையே? பஸ் காலியாகத்தானே போகிறது?

மாப்பிள்ளை: அதுதான் எனக்கும் சந்தேகம். லேட்டன்சிமான் என்று ஓர் இலவசக் கருவி இருக்கிறது, பிராசஸரை நடுவில் யார் மறிக்கிறார்கள் என்று காட்டும். ஐந்து நிமிடம் ஓட விடுவோம். (ஓடுகிறது. சிவப்புக் கோடு ஒன்று எகிறுகிறது.) பாருங்கள். நெட்வொர்க் டிரைவர். ஒய்ஃபை அவ்வப்போது உள்ளே வந்து, 'கையில் இருப்பதை வை, என்னை முதலில் பார்' என்று பிராசஸரைப் பிடித்து நிறுத்துகிறது. இரண்டு மூன்று மில்லி செகண்ட்தான். ஆனால் அந்த நேரத்தில் ஸ்டேஜ் வந்துவிடுகிறது.

மாமா: (முகம் கறுக்கிறது) செக்கிங்.

மாப்பிள்ளை: ஆமாம் மாமா.

மாமா: பஸ்ஸில் பத்தே பேர்தான் இருப்பான். திடீரென்று நடுவழியில் கை காட்டி ஏறுவான். 'பையைக் காட்டு, கட்டைக் காட்டு' என்பான். இரண்டு நிமிடம்தான். அதற்குள் ஸ்டேஜ் தாண்டி, இறங்க வேண்டியவன் இறங்காமல், ஏறினவன் டிக்கெட் வாங்காமல்... அந்த ஒய்ஃபையை இறக்கி விடு முதலில்.

மாப்பிள்ளை: ஏரோப்ளேன் மோடு போட்டால் ஒய்ஃபை, ப்ளூடூத் இரண்டும் இறங்கிவிடும். பாடும்போது மட்டும் போட்டால் போதும்.

(போடுகிறான். பாட்டு முதலிலிருந்து ஓடுகிறது. பல்லவி முடிகிறது, ஒரு குறையும் இல்லை. முதல் சரணம் முடியும் இடத்தில் 'சர்க்' என்று ஒரு சத்தம். இருவரும் ஒருவரையொருவர் பார்க்கிறார்கள்.)

மாமா: எண்பதாயிரம்.

மாப்பிள்ளை: முழுப் பாட்டையும் ஒரே ஃபைலாக எழுதி எடுத்த பழைய எக்ஸ்போர்ட் ஏதாவது வைத்திருக்கிறீர்களா?

மாமா: இருக்கிறது. அதில் கரகரவே வராது, அதுதான் அதிசயம்.

மாப்பிள்ளை: எக்ஸ்போர்ட் செய்யும்போது நேரத்தோடு ஓட வேண்டியதில்லை. கூட்டம் தாங்காவிட்டால் ஸ்டேஜுக்கு முன்னால் பஸ்ஸை ஓரங்கட்டி நிறுத்தி டிக்கெட் போட்டு முடிப்பீர்களே, அப்படி. (கேட்கிறான். 2 நிமிடம் 12 நொடியில் அதே 'சர்க்'. மறுபடி ஓட்டுகிறான். அதே இடம்.) மாமா, கம்ப்யூட்டர் திணறினால் சத்தம் இடம் மாறி மாறி வரும். இது நகரவில்லை. இது உங்கள் பதிவிலேயே இருக்கிறது.

மாமா: மைக் கோளாறா?

மாப்பிள்ளை: (குரல் டிராக்கை மட்டும் தனியாகப் போட்டு, அலையைப் பெரிதாக்குகிறான்) இதோ, முள் முள்ளாக. நாலு சரணம், நாலு 'சர்க்'. ஒவ்வொன்றும் சரணம் முடிந்த பிறகு, நீங்கள் மூச்சு வாங்கும் நேரத்தில். பாட்டை எதைப் பார்த்துப் பாடினீர்கள்?

மாமா: அந்தப் பேப்பரைப் பார்த்துத்தான். உச்சரிப்பு தவறக் கூடாதல்லவா?

(மாப்பிள்ளை பேப்பரை எடுக்கிறான். வலது ஓரத்தில் நாலு இடத்தில், கட்டை விரல் அகலத்துக்கு, அளவெடுத்த மாதிரி கிழிந்திருக்கிறது. மைக் ஸ்டாண்டின் காலடியில் நாலு சிறு காகிதத் துண்டுகள்.)

மாப்பிள்ளை: மாமா... யார் யாருக்கு டிக்கெட் போட்டீர்கள்?

மாமா: (நீண்ட மௌனம்) ஸ்டேஜ் முடிந்ததும் கை தானாகப் போய்விடுகிறதடா.

மாப்பிள்ளை: அத்தைக்குச் சொல்லட்டுமா, லேப்டாப் தேறிவிட்டது என்று?

மாமா: அவசரம் இல்லை. முதலில் பதிவை முடிப்போம்.

(பேப்பரை மாப்பிள்ளை பிடித்துக்கொள்கிறான். மாமா இரண்டு கைகளையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொள்கிறார். சிவப்புப் பொத்தான் எரிகிறது. தம்பூரா ஒலிக்கிறது. மாமா கண்ணை மூடி, மூச்சை இழுத்து, தலையை ஆட்டுகிறார்.)

மாமா: ரைட்! போலாம்!

மாப்பிள்ளை: மாமா, அதுவும் பதிவாகிவிட்டது.