பிடிசி தாள் கசந்தால் மனச்சோர்வு வருமா?

பிடிசி என்ற வேதிப்பொருள் தடவிய தாளை நாக்கில் வைத்துச் சுவை பார்க்கும் சோதனை ஒன்று உண்டு. அந்தத் தாள் கடுமையாகக் கசந்தால் பரம்பரையாக மனச்சோர்வு வரும் என்று ஒரு பதிவு சொல்கிறது. அப்படி இல்லைங்க. அந்தத் தாள் காட்டுவது நாக்கு கசப்பை உணர உதவும் டிஏஎஸ்2ஆர்38 என்ற ஒரு கசப்பு ஏற்பி மரபணுவின் வகையை மட்டுமே, அதுவும் தோராயமாக. நாக்கு உலர்ந்திருந்தாலோ சளி பிடித்திருந்தாலோ முடிவு மாறலாம். மனச்சோர்விலோ நூற்றுக்கணக்கான மரபணு மாறுபாடுகளுக்குத் தலா மிகச் சிறிய பங்குதான். வாழ்க்கைச் சூழலின் பங்கு பெரிது. கசப்புணர்வையும் மனநிலையையும் ஒப்பிட்ட சிறு ஆய்வுகள் உண்டுதான். ஆனால் குழுச் சராசரியில் தெரியும் தொடர்பு, தனி ஒருவருக்கான பரிசோதனை ஆகிவிடாது.

நீங்களே சரிபார்க்கலாம். உலகில் ஏறத்தாழ 70 சதவீதம் பேருக்குப் பிடிசி கசக்கும். உலக சுகாதார நிறுவனக் கணக்கில் மனச்சோர்வு உள்ள பெரியவர்கள் சுமார் 6 சதவீதம். அந்த 6 சதவீதமும் கசப்பறிபவர்களே என்று வைத்துக்கொண்டாலும், கசப்பறியும் 70 பேரில் 64 பேருக்கு மனச்சோர்வு இல்லை. மனித மரபணுக்களையும் அவற்றோடு தொடர்புள்ள பண்புகளையும் பட்டியலிடும் ஓமிம் (OMIM) தரவுத்தளத்தில் டிஏஎஸ்2ஆர்38 (TAS2R38) மரபணுவைத் தேடுங்கள். அதற்குரிய பண்பாகத் தயோயூரியா (பிடிசி சேர்ந்த வேதிப்பொருள் வகை) சுவையறிதல் என்றே இருக்கும்.

சோர்வோ ஆர்வமின்மையோ இரண்டு வாரத்துக்கு மேல் நீடித்தால், தாள் என்ன காட்டினாலும் மருத்துவரைப் பாருங்கள். கசக்கவில்லை என்பதற்காகத் தள்ளிப்போட வேண்டாம்.