எல்லாத்தையும் வாத்தியார் தலையில் கட்டினால்

மலேசியாவின் பேராக் மாநிலத்தில், எங்கள் சுங்கை சிப்புட் பக்கம் எது நடந்தாலும் சரி, பையன்கள் நடுராத்திரியில் மோட்டார் ரேஸ் விட்டாலும், பாட்டி ஒருத்தர் போன் மோசடியில் சேமிப்பைப் பறிகொடுத்தாலும், டிங்கிக் காய்ச்சல் பரவினாலும், வாட்ஸ்அப் குழுவில் கடைசித் தீர்ப்பு ஒன்றுதான். "இதையெல்லாம் பள்ளிக்கூடத்திலேயே சொல்லிக் கொடுக்கணும்." உடனே கைதட்டல் படமாய் விழும். சொன்னவர் கடமையும் முடிந்தது, தட்டியவர் கடமையும் முடிந்தது.

நான் பெற்றோர் ஆசிரியர் சங்கத்தில் இருப்பவன், ரப்பர் தோட்டத்தில் பிறந்து வளர்ந்தவன். எனக்குத் தோன்றுவதைச் சொல்கிறேன், கோபித்துக்கொள்பவர்கள் கோபித்துக்கொள்ளுங்கள். தோட்டம் போனபோது, தோட்டத்துக்குள் நடந்த எத்தனையோ வேலைகளை யாரும் யாரிடமும் ஒப்படைக்கவில்லை. மிச்சம் நின்றது பள்ளிக்கூடம் ஒன்றுதான். அத்தனையும் அதன் தலையில் வந்து விழுந்தது.

தோட்டப் பள்ளி, தோட்டத்தை நடத்திய துரைமார் ஆசைப்பட்டுக் கட்டியதல்ல. பள்ளி வயதுப் பிள்ளைகள் 10 பேர் இருந்தாலே பள்ளி வைக்க வேண்டும் என்று 1923ஆம் ஆண்டு தொழிலாளர் சட்டம் சொன்னது, அதனால் ஒரு கொட்டகை போட்டார்கள். பல இடங்களில் கணக்கெழுதும் கிராணியோ வேலையாட்களை மேய்க்கும் கங்காணியோதான் வாத்தியார். எழுத்தும் கணக்கும் வந்தால் போதும், பிள்ளை மறுபடி ரப்பர் மரத்தில் பால் வெட்டத்தான் போகப்போகிறது என்ற நினைப்பு. அந்தக் காலத்தை நான் பொற்காலம் என்று சொல்ல மாட்டேன். தொழிலாளர் வீட்டு வரிசையான லயத்தில் மழை ஒழுகியது எனக்கு நன்றாகவே நினைவிருக்கிறது.

ஆனால் ஒன்று. அம்மா இருட்டிலேயே பால்வெட்டுக்குப் போகும்போது கைக்குழந்தைக்கு ஆயாக் கொட்டகை இருந்தது. காய்ச்சல் என்றால் மருந்து கொடுக்க டிரஸ்ஸர். விளையாடத் திடல். நாங்கள் எங்கேயாவது சேட்டை செய்தால் லயத்துக் கிழவிகளில் யாராவது ஒருத்தர் காதைத் திருகி வீட்டில் கொண்டுவந்து விடுவார். பள்ளிக்கூடம் பாடத்தை மட்டும் பார்த்துக்கொண்டால் போதுமாக இருந்தது.

பிறகு ரப்பர் போய்ச் செம்பனை வந்தது, ஆள் தேவை குறைந்தது. பல தோட்டங்கள் கைமாறின, சில தாமான் என்ற வீடமைப்புப் பகுதிகள் ஆயின. சனங்கள் மலிவு விலை வீடுகளுக்குப் போனார்கள். இப்போது அம்மாவுக்கு பேக்டரி ஷிப்ட், அப்பாவுக்கு லோரி. பிள்ளை ஒரு மணிக்குப் பள்ளி விட்டு வந்தால் பூட்டிய வீடு. இதில் பெற்றோரை மட்டும் திட்டுபவர்களோடு எனக்கு ஒத்துப்போகாது.

பள்ளிக்கு என்னென்ன வந்து சேர்ந்தது? 1979இல் ஏழைப் பிள்ளைகளுக்கான கூடுதல் உணவுத் திட்டம் வந்தது. அருமையான திட்டம், அதில் பசியாறிப் படித்த பிள்ளைகள் எத்தனையோ பேர். ஆனால் அதை நடத்துவது யார் என்று ஒரு நாள் காலையில் போய்ப் பாருங்கள். நான் பார்த்த நாளில் இரண்டாம் ஆண்டு வகுப்பு டீச்சர் ஒருவர் பள்ளி உணவகமான கெந்தினில் நின்றுகொண்டு நாசி லெமாக்கை ஒரு கரண்டி ருசி பார்த்தார், பெயர்ப் பட்டியலில் டிக் அடித்தார், வராத பிள்ளையின் தட்டை யாருக்குக் கொடுப்பது என்று யோசித்தார். ஒரு பையன் சம்பல் காரம் என்று அழ, அவன் முகத்தையும் துடைத்துவிட்டார். மணி அடித்ததும் அதே கையோடு வகுப்புக்கு ஓடினார். அந்த டீச்சர்தான் பாடநூல் இரவல் திட்டத்துக்கும் பொறுப்பு, அந்த வருஷம் விளையாட்டுப் போட்டிக்கும் செயலாளர்.

சின்னப் பள்ளிகளின் தனிக் கஷ்டம் இது. 150 பிள்ளைகளுக்குக் கீழே உள்ள பள்ளிகளைக் குறைந்த மாணவர் பள்ளி என்கிறார்கள். நம் தோட்டப் பள்ளிகள் பலவும் அந்தக் கணக்கில்தான் வரும். ஆயிரம் பிள்ளைகள் உள்ள பட்டணத்துப் பள்ளியில் எண்பது பேர் பங்கு போட்டுக்கொள்ளும் பொறுப்புகளை இங்கே ஏழெட்டுப் பேர் சுமக்கிறார்கள். பிள்ளை குறைந்தால் ஆசிரியர் குறைகிறார், ஃபாரம் மட்டும் குறைவதில்லை. வருகைப் பதிவு இணையத்தில், 150 ரிங்கிட் பள்ளித் தொடக்க உதவித்தொகைக்குப் பெற்றோர் கையெழுத்து, பல் சோதனைக்கு அனுமதிக் கடிதம், தீயணைப்புப் பயிற்சி அறிக்கை.

"யூபிஎஸ்ஆர் போச்சே, சுமை குறைஞ்சிருக்குமே" என்று ஒரு நண்பர் கேட்டார். 1988இல் வந்த அந்த ஆறாம் ஆண்டுத் தேர்வை 2021இல் எடுத்தார்கள், உண்மைதான். எடுத்ததில் எனக்கும் சந்தோஷம். ஆனால் வகுப்பறை மதிப்பீட்டில் ஒவ்வொரு பிள்ளைக்கும் ஒவ்வொரு பாடத்திலும் ஒன்று முதல் ஆறு வரை அடைவு நிலை குறித்தாக வேண்டும். ஒழுங்காகச் செய்தால் தேர்வைவிட நல்ல முறை. ஒழுங்காகச் செய்ய நேரம் வேண்டுமே!

"அந்தக் கால வாத்தியார் தோட்டத்துக்கே கடுதாசி எழுதிக் கொடுத்தாரே" என்பார்கள். எழுதினார். அதை எந்தச் செயலியிலும் ஏற்றச் சொல்லி யாரும் அவரை விரட்டவில்லை.

கல்வி அமைச்சை மட்டும் குறை சொல்லிப் பயனில்லை, இதில் நமக்கும் பங்கு உண்டு. நம் இயக்கங்கள் பள்ளிக்குத்தான் வருகின்றன, பிள்ளைகளுக்கு ஊக்கமூட்டும் தன்முனைப்பு முகாம் என்று. பேனர் கட்டுவதும் டீச்சர், நாற்காலி போடுவதும் டீச்சர், படத்தில் நடுவில் நிற்பது மட்டும் நாம். இதே ஊரைச் சேர்ந்த, அப்போது அமைச்சராக இருந்த துன் சம்பந்தன் தலைமையில் 1960இல் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கம் ஆரம்பித்து, துண்டாடி விற்கப்படவிருந்த தோட்டங்களைத் தொழிலாளர்களின் சேமிப்பைக் கொண்டே வாங்கினார்கள். அந்தச் சமூகத்துக்கு மதியம் ஒன்றிலிருந்து ஐந்து வரை முப்பது பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ள வழி தெரியாதா?

வரும் சங்கக் கூட்டத்தில் இரண்டு விஷயம் வைக்கப்போகிறேன். பள்ளிக்குள் புது நிகழ்ச்சி கொண்டுவருபவர் நாற்காலி தூக்குவது முதல் அறிக்கை எழுதுவது வரை தம் ஆட்களோடு வரவேண்டும். அடுத்தது, கோயில் மண்டபத்தை வாரநாளில் மதியம் திறந்துவிடக் கேட்டுக் கமிட்டிக்குக் கடிதம். வீட்டுப்பாடம் பார்க்க, வெறுமனே மின்விசிறிக்குக் கீழே உட்கார்ந்திருக்கக்கூட. பணி ஓய்வு பெற்றவர்கள் நான்கு பேர் முறை வைத்து வந்தால் போதும், செவ்வாய்க்கிழமை என் பொறுப்பு. கமிட்டியில் இருப்பவர்கள் இதைப் படித்தால் இப்போதே பதில் போடுங்கள், கடிதத்தை யார் பெயருக்கு எழுதுவது?