விளையாட்டுத் துறையின் செலவுக்கு எங்கள் உறக்கமா விலை?

நான் குடியிருப்பது அமெரிக்காவில் ஒரு பல்கலைக்கழகத்தைச் சுற்றி வளர்ந்த சிற்றூர். இலையுதிர் காலத்தில் ஆறு அல்லது ஏழு சனிக்கிழமைகள் பல்கலைக்கழக அணியின் அமெரிக்க ஃபுட்பால் ஆட்டத்துக்கு உரியவை என்பதை அறிந்துதான் இங்கே எவரும் வீடு வாங்குகிறோம். அந்தத் தேதிகள் பல மாதங்களுக்கு முன்பே தெரிந்துவிடும். எந்தத் தெரு அடைபடும், கூட்டம் எப்போது கலையும் என்பதெல்லாம் ஊருக்கே பழகிப்போனவை. அந்த ஆட்டத்தின் மேல் எனக்கு எந்த வருத்தமும் இல்லை. ஆட்டம் இல்லாத நாட்களிலும் அதே மைதானத்தைக் கச்சேரிகளுக்கு வாடகைக்கு விட்டு, பல்கலைக்கழகத்தின் விளையாட்டுத் துறைக்கு வருமானம் தேடுகிறோம் என்று கிளம்பியிருக்கிறார்களே, அதைத்தான் என்னால் பொறுத்துக்கொள்ள முடியவில்லை.

கூரையற்ற ஒரு மைதானத்தில் பல்லாயிரம் பேருக்குக் கேட்கும்படி ஒலிபெருக்கிகளை அடுக்கினால், அந்த ஓசை சுற்றுச்சுவரோடு நின்றுவிடாது. ஜன்னல்களை எல்லாம் அடைத்த பிறகும் தாழ்ந்த அதிர்வெண் கொண்ட பாஸ் ஒலி சுவரைத் துளைத்து உள்ளே வருகிறது. கைக்குழந்தை திடுக்கிட்டு விழிக்கிறது, மறுநாள் அதிகாலைப் பணிக்குச் செல்லவேண்டிய செவிலியர் கண்ணை மூடமுடியாமல் கிடக்கிறார். புகார் செய்தால், ஒலி அளவு வரம்புக்கு உட்பட்டே இருந்தது என்று பதில் வருகிறது. வழக்கமான டெசிபல் அளவுமுறை தாழ்ந்த ஒலிகளைக் குறைத்தே கணக்கிடும். எங்களை வதைப்பதோ அந்தத் தாழ்ந்த ஒலிதான். இதில் கச்சேரி நடக்கும் இரவை மட்டும் கணக்கில் வைத்தால் போதாது. மேடை கட்டும் லாரிகள், ஒலிச் சோதனை, நள்ளிரவுக்கு மேலும் நீளும் மேடைப் பிரிப்பு என்று அது பல நாள் தொல்லையாக நீள்கிறது.

பணம் ஏன் தேவைப்படுகிறது என்பது எனக்குப் புரியாமல் இல்லை. 2025 ஜூன் மாதம் நீதிபதி கிளாடியா வில்கன் ஒப்புதல் அளித்த, கல்லூரி விளையாட்டுச் சங்கமான என்.சி.ஏ.ஏ.வுக்கு எதிராக வீரர்கள் தொடுத்த ஹவுஸ் வழக்கின் உடன்பாட்டின்படி, ஒரு பல்கலைக்கழகம் தன் வீரர்களுக்கு முதல் ஆண்டிலேயே ஏறத்தாழ 2.05 கோடி டாலர் வரை நேரடியாகப் பகிர்ந்தளிக்கலாம். மைதானத்தில் உடம்பை வருத்தி ஆடும் இளைஞர்களுக்கு அந்தப் பணம் எப்போதோ போய்ச் சேர்ந்திருக்க வேண்டும் என்றே நான் கருதுகிறேன். ஆனால் இந்தத் துறைகள் வறுமையில் வாடுகின்றன என்ற பேச்சை மட்டும் என்னால் ஏற்க முடியாது. டெக்சாஸ் ஏ அண்டு எம் பல்கலைக்கழகம் 2023 நவம்பரில் தன் ஃபுட்பால் பயிற்சியாளர் ஜிம்போ ஃபிஷரை விலக்கியபோது, ஒப்பந்தப்படி அவருக்குத் தரவேண்டியிருந்த தொகை 7.5 கோடி டாலருக்கும் மேல். இனி வேலை செய்யாமல் இருப்பதற்காக ஒருவருக்கு அத்தனை பணம்! ஏழே மாதங்களில் அவர்களுடைய கைல் ஃபீல்டு மைதானத்தில் பாடகர் ஜார்ஜ் ஸ்ட்ரெய்ட்டின் கச்சேரிக்கு 1,10,905 பேர் திரண்டனர். மறு ஆண்டு செப்டம்பரில் மிச்சிகன் பல்கலைக்கழக மைதானம் அந்த எண்ணிக்கையையும் முறியடித்தது. 1927இல் திறக்கப்பட்ட அந்த மைதானத்தின் முதல் கச்சேரியான பாடகர் ஸாக் பிரையனின் நிகழ்ச்சிக்கு 1,12,408 பேர் வந்தனர். அது நடந்தது அணிக்கு ஆட்டமே இல்லாத ஓய்வுச் சனிக்கிழமையில் என்பதைக் கவனியுங்கள். ஊரும் மூச்சு விடுவதற்கென்று இருந்த நாள் அது.

இத்தனைக்கும், நுழைவுச்சீட்டுப் பணத்தில் பெரும்பங்கு கலைஞருக்கும் நிகழ்ச்சியை நடத்தும் நிறுவனத்துக்கும் செல்கிறது. பல்கலைக்கழகத்துக்கு மிஞ்சுவது பெரும்பாலும் வாடகை, வாகன நிறுத்தக் கட்டணம், உணவு விற்பனையில் ஒரு பங்கு, அவ்வளவே.

சிகாகோவை ஒட்டிய எவன்ஸ்டன் நகரில் நடந்ததை நினைத்தால் கோபம் இன்னும் கூடுகிறது. நார்த்வெஸ்டர்ன் பல்கலைக்கழகம் புதிதாகக் கட்டத் திட்டமிட்ட ரயன் ஃபீல்டு மைதானத்தில் ஆண்டுக்கு ஆறு கச்சேரிகள் வரை நடத்த வழிசெய்யும் விதிமாற்றம், 2023 நவம்பரில் நகரமன்றத்தில் 5-4 என்ற கணக்கில், அதுவும் மேயரின் வாக்கால், நிறைவேறியது. குடியிருப்பவர்கள் பலர் மாதக்கணக்காகக் கூட்டம் கூட்டமாக வந்து எதிர்த்தும் பயனில்லை. நகரத்துக்கு 15 கோடி டாலருக்கும் மேல் தருவதாகப் பல்கலைக்கழகம் வாக்களித்திருந்தது. பணம் நகரக் கருவூலத்துக்குச் சேரும், அதிர்வு மட்டும் மைதானத்தை ஒட்டிய தெருக்களுக்கு என்றால், அதை எப்படி நியாயம் என்று சொல்வது?

கல்விப் பணிக்காகவே பல்கலைக்கழகங்களின் நிலத்துக்குச் சொத்துவரி விலக்கு உண்டு. அந்த நிலத்தில் வணிகக் கச்சேரி நடத்தும்போது, சாலைப் பராமரிப்புக்கும் பள்ளிகளுக்கும் வரி கட்டும் நாங்களே அதன் இரைச்சலையும் சுமக்கவேண்டியிருக்கிறது. அடுத்த அனுமதிக்கு நகரமன்றம் கையெழுத்திடும் முன், கச்சேரி ஒப்பந்தத்தை முழுமையாக வெளியிட வேண்டும். துறைக்குக் கிடைக்கும் நிகர வருமானம் எவ்வளவு, காவலுக்கும் துப்புரவுக்கும் நகரம் செலவிடுவது எவ்வளவு என்று தனித்தனியாகக் காட்ட வேண்டும். தாழ்ந்த ஒலிக்குத் தனி வரம்பு விதித்து, அதை மைதானத்துக்குள் அளக்காமல் எங்கள் வீட்டு வாசலில் வந்து அளக்க வேண்டும்.