யு.கே.ஜி. குழந்தைக்கு எத்தனை மணிக்கு இரவு?

போன கல்வியாண்டு முழுவதும், காலையில் நான் இட்லி ஊட்டும்போது என் மகளின் கண்கள் மூடியே இருந்தன. வாயில் வைத்த விள்ளல் மெல்லப்படாமல் கன்னத்தில் ஒதுங்கி நிற்க, ஒரு கையால் அவளைச் சாய்த்துப் பிடித்துக்கொண்டு மறு கையால் காலுறையை மாட்டி, ஏழு மணி வேனுக்குத் தூக்கிக்கொண்டு ஓடுவேன். சோம்பேறி என்று திட்டியும் இருக்கிறேன்.

பிறகொரு நாள் உட்கார்ந்து கணக்குப் போட்டேன். 3 முதல் 5 வயது வரையுள்ள குழந்தைக்கு ஒரு நாளில் 10 முதல் 13 மணி நேரத் தூக்கம் வேண்டும் என்று அமெரிக்கத் தூக்க மருத்துவ அகாதமி 2016இல் பரிந்துரைத்திருக்கிறது. என் மகள் இரவு பத்தரைக்குப் படுத்து ஆறு மணிக்கு எழுப்பப்பட்டாள். பள்ளியில் பகல் தூக்கமும் கிடையாது. ஆக ஏழரை மணி நேரம். குறைந்தபட்ச அளவுக்கே நாளொன்றுக்கு இரண்டரை மணி நேரம் துண்டு விழுகிறது; ஐந்து பள்ளி நாள்களில் பன்னிரண்டரை மணி நேரம், அதாவது ஒரு முழு இரவுக்கு மேல் கடன். சோம்பல் யாரிடம் இருந்தது என்று எனக்கு அப்போதுதான் விளங்கியது.

இந்த அளவுகளைப் படிக்கும்போது பலர் தவறவிடுவது, அவை பகல் தூக்கத்தையும் சேர்த்த 24 மணி நேரக் கணக்கு என்பதைத்தான். நான்கு மாதம் முதல் ஒரு வயது வரை 12 முதல் 16 மணி நேரம், ஒன்று, இரண்டு வயதுகளில் 11 முதல் 14. பிறந்த குழந்தைக்கு உலக சுகாதார நிறுவனம் 14 முதல் 17 மணி நேரம் என்கிறது; அகாதமியோ, அந்த வயதில் குழந்தைக்குக் குழந்தை வேறுபாடு மிக அதிகம் என்பதால் நான்கு மாதத்துக்குக் கீழே எண்ணே தரவில்லை. அந்தத் தயக்கம் எனக்குப் பிடித்திருந்தது. பச்சிளம் குழந்தைக்கு இரவு பகல் பேதம் உடலில் படிய இரண்டு மூன்று மாதங்கள் ஆகும். அதுவரை தூளிக்குப் பக்கத்தில் கண் விழித்துக் கிடப்பதைத் தவிர வழியில்லை.

பகலில் தூங்கவிடாமல் வைத்திருந்தால் இரவில் நன்றாகத் தூங்கும் என்ற யோசனை எங்கள் குடியிருப்பில் தாராளமாகக் கிடைக்கிறது. கைக்குழந்தைகளிடம் இது பெரும்பாலும் பலிப்பதில்லை. தூக்கம் தப்பிய குழந்தை கொட்டாவி விட்டுக்கொண்டு உட்கார்ந்திருக்காது. சோபா மேல் ஏறிக் குதிக்கும், காரணமில்லாமல் சிரிக்கும், அதே மூச்சில் வீறிட்டு அழும். அதைப் பார்த்து, இதற்குத் தூக்கமே வரவில்லை என்று நாமும் தொலைக்காட்சித் தொடரை அணைக்காமல் இருக்கிறோம்.

என்னைக் கேட்டால், இரவு எத்தனை மணிக்கு என்பதை வேன் வரும் நேரத்திலிருந்து பின்னோக்கி எண்ணித்தான் முடிவு செய்ய வேண்டும். ஆறு மணிக்கு எழ வேண்டிய குழந்தை எட்டு மணிக்குத் தூங்கியிருக்க வேண்டும். ஆகவே எங்கள் வீட்டில் ஏழு மணிக்கு அவளுக்குச் சாப்பாடு, ஏழே முக்காலுக்கு விளக்கணைப்பு. இதற்கு ஒரு விலை இருக்கிறது. எட்டரைக்கு வேலையிலிருந்து திரும்பும் என் கணவர் வார நாள்களில் அவளோடு இரவில் விளையாட முடிவதில்லை. முதல் வாரம் அவர் அறை வாசலில் நின்று எட்டிப் பார்த்துவிட்டுப் போனது எனக்கும் கஷ்டமாகத்தான் இருந்தது.

இப்போது காலையில் அவளைக் குளிப்பாட்டுவது அவர்தான். இட்லியை அவளே பிட்டுத் தின்கிறாள். சட்னி போதவில்லை என்று சண்டையும் போடுகிறாள்.