காலை எடுத்தால் ஆபத்து தீர்ந்துவிடாது
சர்க்கரை நோயால் கால் அழுகுவதைப் பற்றிய கட்டுரை ஒன்று, 'அழுகிய காலை எடுத்துவிட்டால் ஆபத்து நீங்கிவிடும்' என்று சொல்வதை ஏற்க முடியவில்லை. செப்சிஸில் (கிருமித்தொற்றால் உடம்பு முழுக்கப் பாதித்து உறுப்புகள் கெடும் நிலை) இருந்து உயிர் தப்பும், சரி. ஆனால் காலில் ரத்தக்குழாயை அடைத்த அதே நோய் பெரும்பாலும் இதயத்திலும் இருக்கும். சர்க்கரை நோயால் காலை இழந்தவர்களில் ஏறக்குறைய பாதிப் பேர் 5 ஆண்டுகளுக்குள் இறந்துவிடுகிறார்கள். என் அப்பாவுக்கு வலது காலை முழங்காலுக்குக் கீழே எடுத்தார்கள். அப்புறம் உடம்பின் பாரமெல்லாம் இடது காலில்தான். சுண்டுவிரலுக்கு அடியில் தோல் தடித்து, உள்ளேயே சீழ் கட்டியிருந்தது. மரத்துப்போன பாதம், வலியே தெரியவில்லை. ரத்த ஓட்டத்தைக் காட்டும் டாப்ளர் ஸ்கேன் பார்த்து, ரத்தக்குழாய் அடைப்பை பலூன் வைத்துத் திறந்ததால் அந்தக் கால் பிழைத்தது. கறுத்த விரல் தானாக விழுமா என்று அந்தக் கட்டுரைக்குக் கீழே ஒருவர் கேட்டிருந்தார். அவருக்கு: காய்ந்து சுருங்கியிருந்தால் விழலாம், அதையும் மருத்துவர் பார்வையில்தான் விட வேண்டும். ஈரம், நாற்றம், காய்ச்சல் வந்தால் அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குப் போய்விடுங்கள்.