நிறத்தை விடுங்கள், மல்லாக்கப் புரட்டுங்கள்
இரவில் தரையில் ஓடும் கறுப்பு வண்டு எல்லாம் தரை வண்டு என்று தரை வண்டுகளைப் பற்றிய ஒரு கட்டுரை சொல்வது கொழும்புத் தோட்டங்களில் எடுபடாது. பூச்சாடியைத் தூக்கினால் அதே கறுப்பில், அதே பருமனில் டெனெப்ரியோனிடே என்ற வேறு குடும்பத்து வண்டுகளும் கிடக்கும். அந்தக் கட்டுரைக்குக் கருத்து எழுதிய ஒருவர் பாதக் கணுக்களை எண்ணினால் போதும் என்கிறார். பாதி சரி: தரை வண்டுக்கு, அதாவது காரபிடேக்கு, எல்லாக் காலிலும் ஐந்து, டெனெப்ரியோனிடேக்குப் பின்காலில் மட்டும் நான்கு. ஆனால் தென்னையைத் துளைக்கும் காண்டாமிருக வண்டுக்கும் ஐந்துதானே! போதாக்குறைக்கு, காய்ந்த வண்டில் முதலில் உடைவது பாதம். மல்லாக்கப் புரட்டி, 10 மடங்கு லென்சில் பின்காலின் அடிக்கணுவை, அதாவது கால் உடலோடு சேரும் முதல் கணுவைப் பாருங்கள். அது அசையாமல் உடலோடு ஒட்டி, வயிற்றின் முதல் தகட்டை இரண்டாகப் பிரித்திருந்தால் அடிஃபாகா துணைவரிசை, அதாவது தரை வண்டும் அடங்கும் பெரும் பிரிவு. பின்கால் துடுப்புப் போலத் தட்டையாக, மயிர் விளிம்போடு இருந்தால் நீர்வண்டு, ஒதுக்கிவிடலாம். புலி வண்டுதான் தலைவலி: பழைய நூல்களில் காரபிடேக்குள் ஒரு துணைக்குடும்பம், அண்மைக்காலத்தில் பலர் சிசிண்டெலிடே என்று தனிக்குடும்பமாக்குகிறார்கள். ஆகவே இனப்பட்டியல்களை ஒப்பிடும்போது அது உள்ளே இருக்கிறதா என்று முதலில் பார்க்கவேண்டும். கட்டுரை சொல்லும் குழிப்பொறி, அதாவது வண்டு விழுவதற்கு மண்ணில் புதைக்கும் கப், பற்றியும் ஒன்று: யோகட் கப்பின் விளிம்பு மண்ணுக்கு மேலே சற்று நீட்டிக்கொண்டிருந்தாலும் வண்டு சுற்றிப் போய்விடும், விளிம்பு மண்மட்டத்தில் இருக்கவேண்டும். 2 அல்லது 3 சென்ரிமீற்றர் உயரத்தில் ஒரு கூரையும் வையுங்கள், இல்லாவிட்டால் ஒரு மழைக்கே கப் நிரம்பி எல்லாம் மிதந்து போகும். மரத்தில் வாழும் இனங்கள் அதில் விழுவதும் அரிது.