நாற்காலி எனக்கு மட்டும்

படிப்பு முடித்த கையோடு ஒரு ஜவுளிக்கடையில் பில் போடும் வேலைக்குச் சேர்ந்தேன். கடை பெயர் வேண்டாம். மூன்று மாடி, முழுக்க ஏசி. அங்கே உட்கார்ந்து வேலை பார்த்தது முதலாளி, மேனேஜர், அப்புறம் பில் கவுன்ட்டரில் இருந்த நாங்கள் நாலு பேர். கம்ப்யூட்டர் மேசைக்கு நாற்காலி தேவைப்பட்டது, கிடைத்தது. எங்கள் மேல் இருந்த பாசத்தால் இல்லை.

எனக்கு நேரெதிரே காட்டன் சேலை செக்‌ஷன். அங்கே இருந்த அக்கா காலை ஒன்பதரைக்கு வந்தால் இரவு ஒன்பதரை வரை நின்றபடிதான். மதியம் குடோன் தரையில் உட்கார்ந்து சாப்பிடும் அரை மணி நேரம் மட்டும் விதிவிலக்கு. சாயங்காலம் ஆனால் செருப்பைக் கழற்றிவிட்டு வெறுங்காலை டைல்ஸில் வைப்பார், அந்தக் குளிர்ச்சிக்காக. ஒருநாள் புடவையை லேசாக உயர்த்திக் கெண்டைக்காலைக் காட்டினார். நரம்பு பச்சையாகச் சுருண்டு முடிச்சு முடிச்சாக நின்றது. அப்போது அவருக்கு வயது 34.

நடக்கும்போது கெண்டைக்கால் தசை சுருங்கிச் சுருங்கி ரத்தத்தை மேலே தள்ளுகிறது. ஒரே இடத்தில் நின்றால் அந்த வேலை நடக்காது, ரத்தம் காலிலேயே தேங்கும். வருடக்கணக்கில் இப்படியே போனால் நாம் நரம்பு என்று சொல்லும் அந்த ரத்தக் குழாய்க்குள், ரத்தம் திரும்ப இறங்காமல் தடுக்கும் வால்வுகள் தளர்ந்துவிடும். டாக்டர் அந்த அக்காவிடம் சொன்னது, "ரொம்ப நேரம் நிக்காதீங்கம்மா." வேலையே நிற்பதுதான் என்றால் என்ன செய்வார்?

முதலாளிக்கும் இதில் நஷ்டம் உண்டு, ஆனால் அது எந்தக் கணக்கிலும் வராது. இரவு எட்டு மணிக்கு ஒரு அம்மா வந்து, "இதே டிசைன்ல கடுகு மஞ்சள் இருக்கா?" என்று கேட்டார். "அந்தக் கலர் இல்லைங்க" என்றார் அக்கா. அன்று காலையில்தான் அந்தக் கலருக்கு நான் பில் போட்டிருந்தேன். இன்னும் இரண்டு பீஸ் மேல் ரேக்கில் இருந்தது எனக்குத் தெரியும். ஏணி போட்டு ஏற அவர் காலில் தெம்பு இல்லை. நானும் வாயைத் திறக்கவில்லை.

இத்தனைக்கும் நிற்பது நம் ஊர் வழக்கமே இல்லை. பழைய பட்டுக் கடைகளில் மெத்தை விரித்து, வெள்ளைத் துணி போட்டு, விற்பவரும் வாங்குபவரும் எதிரெதிரே உட்கார்ந்துதான் வியாபாரம். காஞ்சிபுரத்தில் இப்போதும் அப்படிப் பார்க்கலாம். கண்ணாடி கவுன்ட்டர் வந்தது, ஆள் எழுந்து நின்றார். அப்புறம் யாருக்கும் அவரை உட்காரச் சொல்லத் தோன்றவில்லை.

இங்கிலாந்தில் 1899-லேயே, மூன்று பெண் ஊழியருக்கு ஒரு இருக்கையாவது கடையில் இருக்க வேண்டும் என்று சட்டம் போட்டார்கள். நம் நாட்டிலும் 1948 தொழிற்சாலைச் சட்டத்தின் 44-வது பிரிவு நின்று வேலை செய்பவருக்கு இருக்கை கேட்டது. கடை ஊழியருக்குத்தான் ரொம்பக் காலம் யாரும் பெரிதாகக் கேட்கவில்லை. கோழிக்கோடு மிட்டாய்த் தெருவில் விஜி என்ற பெண்ணும் அவருடைய 'பெண்கூட்டு' என்ற பெண் தொழிலாளர் அமைப்பும் முதலில் கழிப்பறைக்காகவும், பிறகு உட்காரும் உரிமைக்காகவும் போராடினார்கள். 2018-இல் கேரளம் சட்டத்தைத் திருத்தியது. தமிழ்நாட்டில் 2021 செப்டம்பரில் அப்போதைய தொழிலாளர் நலத்துறை அமைச்சர் சி.வி. கணேசன் மசோதா கொண்டுவந்தார். 1947-ஆம் வருடத்துக் கடைகள் சட்டத்தில் 22-ஏ பிரிவு சேர்ந்தது. வேலைக்கு நடுவே உட்கார வாய்ப்புக் கிடைக்கும்போது உட்கார, எல்லா ஊழியருக்கும் இருக்கை வேண்டும் என்கிறது அது.

சரி, ஸ்டூல் வந்ததா? சில கடைகளில் வந்திருக்கிறது. போன மாதம் ஒரு கடையில் பார்த்தேன், கவுன்ட்டருக்குப் பின்னால் குட்டையான ஒரு பிளாஸ்டிக் ஸ்டூல், அதன்மேல் மடிக்காத சேலைக் குவியல். ரேக்குக்கும் கவுன்ட்டருக்கும் நடுவில் ஒரு ஆள் பக்கவாட்டில் நுழையும் இடம்தான். அதில் உட்கார்ந்தால் முட்டி இடிக்கும், ஆள் வந்தால் எழுந்திருக்கவே நேரமாகும். கட்டும்போதே இன்னும் ஒரு அடி விட்டு, கவுன்ட்டர் உயரத்துக்கு ஒரு ஸ்டூல், கால் நீட்டக் கீழே கொஞ்சம் இடைவெளி, நிற்கும் இடத்தில் ரப்பர் விரிப்பு என்று போட்டிருந்தால் போதும். மார்பிளுக்குச் செலவழித்ததில் கால்வாசிகூட ஆகாது. இந்தப் பக்கம் நான் இப்போது இருக்கும் ஆபீஸில், உட்கார்ந்து உட்கார்ந்து முதுகு போகிறதென்று, பட்டனை அமுக்கினால் உயரும் மேசை வாங்கியிருக்கிறார்கள், நாங்கள் நின்று வேலை பார்க்க!

முதலாளியை மட்டும் குறை சொல்வானேன்? என் அத்தையே கடையிலிருந்து வெளியே வந்ததும் பொருமினார். "உட்கார்ந்துகிட்டே பதில் சொல்றா பாரு, எழுந்திரிக்கக் கூடத் தோணலை." நம்மைப் போன்ற ஆட்கள் மேனேஜரிடம் போய்ப் புகார் சொல்வோம் என்ற பயத்தில்தான் பாதி ஸ்டூல்கள் குடோனில் கிடக்கின்றன.

போன மாதம் அந்த ஸ்டூலைப் பார்த்த கடையில் எனக்குச் சேலை எடுத்துக் காட்டிய பெண்ணுக்கு இருபது வயது இருக்கும். "நீ உட்காரும்மா, நான் பார்த்துட்டுச் சொல்றேன்" என்றேன். ஸ்டூலைப் பார்க்கவில்லை அவள். தலையைத் தூக்கி மேலே இருந்த கேமராவைப் பார்த்தாள். "பரவால்லக்கா" என்று சொல்லிவிட்டு அடுத்த சேலையைப் பிரித்தாள்.